வளர்த்த உயிரைப் புதைப்பதா, எரிப்பதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெருவில் யார் வீட்டு நாய் இறந்தாலும் எனக்குத்தான் போன் வரும். நான் டாக்டர் இல்லை. இரண்டு நாய்களையும் ஒரு பூனையையும் வளர்த்து வழியனுப்பியவன், அவ்வளவுதான். முதல் நாய் மணியை மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர்வீட்டுக் கொல்லையில் புதைத்தோம். ஜூலியைச் சென்னையில் எரித்தோம். பூனை ஒரு நண்பரின் தோட்டத்தில் இருக்கிறது. மூன்றாவது நாய்க்கு இப்போது பதினொரு வயது, இதை எழுதும்போது மேஜைக்கு அடியில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது. போனில் அழுதுகொண்டே கேட்பவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லும் பதில்களைத்தான் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போதுதான் உயிர் போயிற்று. முதலில் என்ன செய்வது? எவ்வளவு நேரம் இருக்கிறது?

முதலில் உயிர் போய்விட்டதா என்று நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். இடது முன்னங்கால் முட்டி நெஞ்சைத் தொடும் இடத்தில் கை வைத்தால் துடிப்பு தெரியும். கண்ணின் ஓரத்தை மெல்லத் தொட்டால் உயிருள்ள நாய் இமைக்கும். சந்தேகம் இருந்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள். உயிர் போன சில நிமிடங்களுக்கு ஒரு பெருமூச்சு போல வரலாம், தசை துடிக்கலாம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இரண்டு மூன்று மணி நேரத்தில் உடல் விறைக்கத் தொடங்கும். அதற்குள் கால்களை மடக்கி, தூங்கும்போது சுருண்டு படுப்பதைப் போலக் கிடத்திவிடுங்கள். பிறகு காலை நீட்டிக்கொண்டு விறைத்துவிட்டால் குழியும் பெரிதாக வேண்டும், வண்டியிலும் ஏற்ற முடியாது. கண் மூடாது, மூடிவிட்டாலும் திரும்பத் திறந்துகொள்ளும். சிறுநீரும் மலமும் கசியும் என்பதால் அடியில் பிளாஸ்டிக் ஷீட்டும் அதன் மேல் பழைய துண்டும் போடுங்கள்.

ஏசி அறை இருந்தால் நன்றாகக் குளிரவிட்டு அங்கே வையுங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வயிற்றின் மேல் வையுங்கள், ஏனென்றால் அழுகல் குடலில்தான் தொடங்கும். இப்படிச் செய்தால் வெளியூரிலிருந்து வரவேண்டிய பிள்ளைக்காக ஒரு இரவு காத்திருக்கலாம். ஏசி இல்லாத வீட்டில், சித்திரை வைகாசி வெயிலில், காலையில் போன உயிருக்கு அன்று மாலைக்குள் காரியத்தை முடித்துவிடுவதுதான் சரி.

எதனால் இறந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் போஸ்ட்மார்ட்டம் செய்யலாம். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1903-லிருந்து இருக்கும் கல்லூரி. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளும் உண்டு. இதற்காக உடலைக் குளிர்ச்சியாக வைத்தால் போதும், ஃப்ரீசரில் உறைய வைக்கக் கூடாது. உறைந்தால் திசுக்கள் சிதைந்து, மைக்ராஸ்கோப்பில் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

புதைப்பதா, எரிப்பதா? எதை வைத்து முடிவு செய்வது?

எது உயர்ந்தது, எது பாசம் என்று யோசிக்கத் தொடங்கினால் முடிவே வராது. நான் கேட்பது இரண்டே கேள்வி. மண் யாருடையது? உயிர் எப்படிப் போயிற்று?

இரண்டாவதைக் கீழே சொல்கிறேன். மண்ணைப் பற்றி என் கதை இது. மணியை எங்கள் கொல்லையில், தென்னைக்கும் கிணற்றுக்கும் நடுவில் புதைத்தோம். அப்பா பூவரசங்கொம்பு ஒன்றை அடையாளத்துக்கு நட்டார், அது மரமாகவே வளர்ந்துவிட்டது. அப்பா போன பிறகு, வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் விற்றோம். வாங்கியவர் நல்ல மனிதர்தான். ஆனால் கொல்லையில் செப்டிக் டேங்க் தோண்டினார். பத்திரம் முடிந்து ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் போன அம்மா, பூவரசு இருந்த இடத்தில் சிமெண்ட் மூடியைப் பார்த்துவிட்டு வந்து ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. வீட்டை விற்றதற்குக்கூட அவள் அப்படி இருக்கவில்லை.

அதனால் நான் சொல்வது இதுதான். சொந்த மண், அதுவும் இன்னும் இருபது வருடம் கைமாறாது என்று உறுதியாகத் தெரிந்த மண் இருந்தால் புதையுங்கள். அதற்கு ஈடு இல்லை. வாடகை வீடு, ஃபிளாட், பாகம் பிரிக்காத பூர்வீகச் சொத்து என்றால் எரித்துவிடுங்கள். சாம்பலைக் கையோடு கொண்டுபோகலாம், குழியைக் கொண்டுபோக முடியாது.

எங்களிடம் வயதான நாய் இருக்கிறது. இப்போதே இதையெல்லாம் யோசிப்பது அபசகுனம் இல்லையா?

யோசிக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று பார்த்திருக்கிறேன். இரவு பதினொரு மணிக்கு உயிர் போகும். வீட்டில் ஒருவர் ஊருக்கு எடுத்துப் போகலாம் என்பார், இன்னொருவர் வேண்டாம் என்பார். விடிவதற்குள் யாரோ ஒருவர் சொன்ன ஆளிடம் பணத்தைக் கொடுத்துக் கோணிப்பையில் கட்டி அனுப்பிவிடுவார்கள். எங்கே கொண்டுபோனார் என்று கேட்கக்கூடத் தோன்றாது. பிறகு வருடக்கணக்கில் அது உறுத்திக்கொண்டிருக்கும்.

நாய் நன்றாக இருக்கும்போதே உங்கள் டாக்டரிடம், 'இங்கே பக்கத்தில் எரிக்கும் வசதி எங்கே இருக்கிறது, ராத்திரியில் எடுப்பார்களா' என்று ஒரு வார்த்தை கேட்டு, நம்பரை போனில் போட்டு வையுங்கள். ஐந்து நிமிட வேலை. எங்கள் கிழவனுக்கு நான் கேட்டு வைத்துவிட்டேன். அவன் அதற்குப் பிறகு இரண்டு வருடமாகச் சௌகரியமாகத்தான் இருக்கிறான்.

ஃபிளாட்டில் இருக்கிறோம். காம்பவுண்டு ஓரத்தில், காலி மனையில், கடற்கரையில் புதைக்கலாமா?

கூடாது. காம்பவுண்டு ஓரம் உங்களுடையது போலத் தோன்றும், ஆனால் அது எல்லா ஃபிளாட்காரர்களுக்கும் பொதுவான பிரிக்கப்படாத பங்கு. எல்லோரும் சம்மதித்தால்கூட அடியில் தண்ணீர்க் குழாய், சம்ப், மின்கேபிள் எங்கே போகிறது என்று தெரியாமல் கடப்பாரையை இறக்க முடியாது. காலி மனைக்கு எங்கோ ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், ஒரு நாள் அஸ்திவாரம் தோண்டுவார். கடற்கரை மணல் நிற்காது. தெருநாய்கள் ஒரே இரவில் கிளறிவிடும். ஏரிக்கரை, பூங்கா, சாலையோரம் எதுவும் சரிவராது.

ஒரு வழியும் இல்லை என்றால் சென்னை மாநகராட்சிக்கு 1913-ல் சொன்னால் இறந்த விலங்கை எடுத்துப்போக ஆள் வருவார்கள். ஆனால் அது தெருவைச் சுத்தமாக வைப்பதற்கான ஏற்பாடு. வீட்டு நாய்க்கு அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்த இடம் இருக்கிறது. எப்படிப் புதைக்க வேண்டும்?

ஆழம்தான் எல்லாமே. உடலின் மேல் மூன்றடி மண் இருக்க வேண்டும். லேப் (லேப்ரடார்), ராஜபாளையம் போன்ற பெரிய நாய் என்றால் குழி நான்கிலிருந்து நாலரை அடி இருக்கும். சிப்பிப்பாறைக்கு உடம்பு ஒல்லி, ஆனால் கால் நீளம், ஆகவே நீளமான குழி வேண்டும். இரண்டடியில் முடித்துவிட்டால் பெருச்சாளியும் கீரியும் தெருநாயும் அன்றைக்கே தேடி வந்துவிடும். கோடையில் இறுகிக் கிடக்கும் களிமண்ணில் நாலடி தோண்டுவது ஒரு ஆள் வேலை இல்லை; இரண்டு பேரை வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் தோண்டாதீர்கள். துக்கத்தில் இருப்பவன் கையில் கடப்பாரை வேண்டாம் என்பது என் கருத்து. அப்பா அன்று தோண்டித் தோண்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

கிணறோ போர்வெல்லோ இருந்தால் நூறு அடியாவது தள்ளி இருக்கட்டும். எங்கள் வீட்டில் அந்த விஷயத்தில் தவறுதான் செய்தோம். இருபது அடியில் கிணறு. அன்றைக்குச் சொல்ல ஆள் இல்லை. மழைக்காலம் இன்னொரு சிக்கல். வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற தாழ்வான பகுதிகளில் கார்த்திகை மாதம் இரண்டடி தோண்டினாலே ஊற்று எட்டிப் பார்க்கும். குழியில் தண்ணீர் ஊறினால் மூடிவிட்டு, எரிப்பதற்கு ஏற்பாடு செய்யுங்கள். தண்ணீரில் கிடக்கும் உடல் மக்காது, நிலத்தடி நீரும் கெடும்.

சுற்றுவதற்குப் பருத்தித் துணி போதும். பழைய வேட்டி, அம்மாவின் நூல்புடவை, கோணி எதுவானாலும் மக்கிவிடும். பிளாஸ்டிக் பையில் கட்டிப் புதைக்காதீர்கள். வருடங்கள் கழித்து யாராவது தோண்டினால் அது அப்படியே வெளியே வரும், அதைப் பார்க்க முடியாது. நைலான் கழுத்துப்பட்டையைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். மண்ணை அரையடி மேடாகக் குவித்து மிதியுங்கள். அடுத்த மழையில் எப்படியும் உள்வாங்கும். கொஞ்ச நாளைக்கு மேலே பாறாங்கல்லோ கடப்பைக்கல்லோ போட்டு வைத்தால் எதுவும் கிளறாது.

உப்பு, மஞ்சள், சுண்ணாம்பு போட வேண்டுமா?

இது எல்லா வீட்டிலும் வரும் சண்டை. பெரியவர்கள் மூட்டை கல்லுப்பை எடுத்து வந்துவிடுவார்கள். உப்புப் போட்டால் சீக்கிரம் கரையும் என்று சொல்வார்கள். நடப்பது அதற்கு நேர் எதிர். கருவாடு எதற்காக உப்பில் ஊறுகிறது? கெடாமல் இருப்பதற்குத்தானே. உப்பு உடலைப் பதப்படுத்தும், மக்குவதைத் தாமதப்படுத்தும், மண்ணையும் பாழாக்கும். பக்கத்து மரத்துக்கும் அது விஷம்.

சுண்ணாம்பும் ஏறக்குறைய அப்படித்தான். வாடையைக் குறைக்கும், உண்மை. உடலை வேகமாகக் கரைக்கும் என்பது சினிமாவில் வந்த நம்பிக்கை. ஆய்வாளர்கள் பன்றி உடல்களைப் புதைத்துப் பார்த்தபோது சுண்ணாம்பு போட்டவைதான் தாமதமாக அழுகின. ஆழமாகத் தோண்டியிருந்தால் இரண்டுமே வேண்டாம். பெரியவர்கள் மனசுக்காக ஒரு கைப்பிடி உப்பு, கொஞ்சம் மஞ்சள் போட்டால் ஒன்றும் ஆகாது. மூட்டையோடு கொட்டவிடாதீர்கள்.

மேலே மரம் நடலாமா?

நடலாம், ஆனால் அன்றைக்கே நடாதீர்கள். மக்கும் உடலுக்குப் பக்கத்தில் வேர் போனால் அம்மோனியாவில் இளங்கன்று கருகும். ஒரு மழைக்காலம் கழியட்டும், மண் இறங்கி நிற்கட்டும். பிறகு குழிக்கு நேர் மேலே நடாமல் இரண்டடி தள்ளி வையுங்கள். கிராமத்தில் செத்த மாட்டைத் தென்னைக்குப் பக்கத்தில் புதைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வேரூன்றி வளர்ந்த மரம், கன்றில்லை. எலும்பு பல பத்து வருடம் அப்படியே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். பின்னால் அந்த இடத்தில் எதையாவது தோண்டும் எண்ணம் இருந்தால் மரம் வைத்துப் பயன் இல்லை.

வலி தாங்காமல் ஊசி போட்டுத்தான் வழியனுப்பினோம். புதைக்கலாமா?

இந்தக் கேள்வியை யாருமே கேட்பதில்லை, நான்தான் கேட்கிறேன். 'எப்படிப் போனது' என்று மேலே சொன்னது இதைத்தான்.

கருணைக்கொலைக்குப் பெரும்பாலும் பென்டோபார்பிட்டால், தயோபென்டால் போன்ற மயக்க மருந்தை அளவுக்கு மீறிச் செலுத்துவார்கள். நாய்க்கு வலி தெரியாது, தூங்குவது போலப் போய்விடும். ஆனால் மருந்து உடம்பிலேயே தங்கும். பென்டோபார்பிட்டால் லேசில் சிதையாது. இறந்த விலங்கை மக்கவைத்த உரக்குவியலில் ஒரு வருடம் கழித்தும் அது இருந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அமெரிக்காவில் இப்படி ஊசி போட்ட விலங்கின் உடலைத் தின்று கழுகுகள் மயங்கி விழுந்து செத்த சம்பவங்கள் பல பதிவாகியிருக்கின்றன. நம் ஊரில் குழியைக் கிளறுவது தெருநாயும் பெருச்சாளியும்தான். அவை சாகும், அவற்றைத் தின்னும் பருந்தும் சாகும்.

மருந்து பிணத்தின் வழியாக ஊரையே தாண்டும் என்பதற்கு நம் நாட்டுக் கதையே இருக்கிறது. மாட்டுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற வலிநிவாரணி, செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது. பதினைந்து வருடத்துக்குள் வெண்முதுகுப் பாறு இந்தியாவில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் குறைந்துவிட்டது. 2006-ல் மாட்டுக்கு அதைத் தடை செய்தார்கள். நம் பக்கத்தில் முதுமலை, மோயாறு பள்ளத்தாக்கில்தான் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. இது வேறு மருந்து, வேறு கதைதான். ஆனால் பிணத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் மண்ணில் போட்டதன் விலை அது.

ஆகவே ஊசி போட்டிருந்தால் எரித்துவிடுங்கள். நெருப்பில் மருந்து அழிந்துவிடும். புதைத்தே ஆகவேண்டும் என்றால் டாக்டரிடம் மருந்தின் பெயரைக் கேளுங்கள், நாலடிக்குக் குறையாமல் தோண்டுங்கள், மேலே கல் போடுங்கள். ஜூலியை நாங்கள் எரித்ததற்கு முதல் காரணமே இதுதான். நண்பர் தன் தோட்டத்தில் இடம் தருகிறேன் என்றார், வேண்டாம் என்று சொன்னேன்.

நோயில் இறந்திருந்தால்?

வெறிநோய் என்ற சந்தேகம் இருந்தால் உடலைக் கையால் தொடாதீர்கள், குளிப்பாட்டாதீர்கள், முத்தம் கொடுக்காதீர்கள். உடனே டாக்டரிடமோ 1962 கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணிலோ சொல்லி, அவர்கள் சொல்படி நடங்கள். நாய் சாவதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் யாரைக் கடித்தது, யார் புண்ணை நக்கியது, எச்சில் யார் கண்ணிலோ வாயிலோ பட்டது என்று கணக்கெடுங்கள். பட்ட இடத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட வேண்டும். இதில் நாளை பார்க்கலாம் என்பதே கிடையாது.

பார்வோ என்ற வைரஸ் நோயில் இறந்த குட்டி என்றால் எரிப்பது நல்லது. அந்தக் கிருமி நிழலான மண்ணில் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும். அது படுத்த இடத்தை ப்ளீச் போட்டுக் கழுவுங்கள். தடுப்பூசி முழுசாகப் போடாத வேறு குட்டியை அந்த வீட்டுக்குக் கொஞ்ச காலம் கொண்டுவராதீர்கள். எலிக்காய்ச்சலில் இறந்தால் சிறுநீரில் கிருமி இருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு, வயோதிகம் இவற்றில் பயம் ஒன்றும் இல்லை, எது வேண்டுமானாலும் செய்யலாம்.

எரிப்பது எப்படி நடக்கும்? முன்கூட்டியே என்ன கேட்க வேண்டும்?

கேஸ் அல்லது மின்சார உலையில் ஏறக்குறைய 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏற்றுவார்கள். சின்ன நாய் ஒரு மணி நேரம், பெரிய நாய் இரண்டு மணிக்கு மேல். முடிவில் மிஞ்சுவது உண்மையில் சாம்பல் அல்ல, வெந்து நொறுங்கும் எலும்பு. சில இடங்களில் அரைத்துத் தருவார்கள், சில இடங்களில் துண்டாகவே கலயத்தில் போட்டுத் தருவார்கள். எலும்பைப் பார்த்து அதிர்ச்சி அடைபவர்கள் முன்பே சொல்லி வைப்பது நல்லது. என் மனைவி பார்க்க மாட்டேன் என்றாள், நான்தான் வாங்கி வந்தேன்.

கேட்க வேண்டியதில் முக்கியமானது ஒன்றுதான்: உங்கள் நாயைத் தனியாக எரிப்பார்களா, வேறு உடல்களோடு சேர்த்தா? சேர்த்து எரித்தால் செலவு குறையும், அஸ்தி தனியாகக் கிடைக்காது. அஸ்தி வேண்டாதவர்களுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. மற்றபடி, எடைக்குத் தகுந்த கட்டணம் எவ்வளவு, வண்டி அனுப்புவார்களா, நீங்கள் கூட நிற்கலாமா, எத்தனை மணிக்கு அஸ்தி கிடைக்கும் என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாக விடாமல் மெசேஜில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கழுத்துப்பட்டை, மணி, ரப்பர் பந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஒரு பருத்தித் துணி மட்டும் போர்த்தி அனுப்புங்கள். பூமாலை போடலாம்.

கொடுத்த சாம்பல் எங்கள் நாயுடையதுதானா?

நல்ல கேள்வி, நியாயமான சந்தேகமும்கூட. சுலபமான கணக்கு ஒன்று இருக்கிறது. உடல் எடையில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான் மிஞ்சும். முப்பது கிலோ லேப் என்றால் ஒரு கிலோ சுமார். ஆறு கிலோ பொமரேனியன் என்றால் 200, 250 கிராம், ஒரு டம்ளர் நிறைய என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பொமரேனியனை எடுத்துப்போய், ஒரு கிலோவுக்கு மேல் பானை நிறையத் தந்தார்கள். கூடவே விறகுக்கரி. தனியாக எரிப்பதற்கு உண்டான காசை வாங்கியிருந்தார்கள். எடுத்துப்போனவர் யார் என்று எழுதிப் பயன் இல்லை, ஆள் மாறிவிட்டார். அந்த வீட்டம்மா, 'எப்படியும் என் குழந்தை அதில் கொஞ்சம் இருக்கும்' என்று சொல்லி அதையும் கடலில் கரைத்தார். நீங்கள் நேரில் நிற்க முடிந்தால் நில்லுங்கள். உள்ளே வைப்பதையும் வெளியே எடுப்பதையும் பார்க்க அனுமதிக்காத இடத்தில் அஸ்தி கேட்காதீர்கள்.

நாயை எரிப்பது சாஸ்திரத்துக்கு விரோதம், புதைக்கத்தான் வேண்டும் என்கிறாரே மாமனார்?

மாமனாருடன் வாதம் வேண்டாம். நம் ஊரில் விலங்கைப் புதைப்பதே நெடுநாள் வழக்கம், அது உண்மை. ஜல்லிக்கட்டுக் காளை இறந்தால் மாலை போட்டு, தாரை தப்பட்டையோடு ஊரே கூடிப் புதைக்கிறது. புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி 2022 நவம்பர் 30-ம் தேதி இறந்தபோது தெரு முழுக்கக் கூட்டம், யானையைப் புதைத்தார்கள்.

அதற்கும் முன்னால் போனால், திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலம், ஏழாம் நூற்றாண்டு. எருமைகளை மீட்கும் சண்டையில் இறந்த வீரனுக்கு எடுத்த கல். அவன் உருவத்துக்குப் பக்கத்திலேயே அவன் நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளனைக் கடித்துக் காத்திருந்தது என்றும் தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். விழுப்புரம் பக்கம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்கே நடுகல் உண்டு. பெயர் சொல்லி நினைத்துக்கொள்வதற்கு நம்மவர்கள் கூச்சப்பட்டதில்லை.

நகரத்தில் எரிக்கிறோம் என்றால் அது இடம் இல்லாததால் வந்தது. மனிதர்களுக்கே அப்படித்தானே, தலைமுறையாகப் புதைத்துவந்த எத்தனையோ குடும்பங்கள் இன்று மின்மயானத்துக்குப் போகின்றன. இஸ்லாமியக் குடும்பங்களில் எரிப்பதை விரும்புவதில்லை. அவர்களுக்கு ஊரில் உறவினர் நிலம் இருந்தால் அங்கே கொண்டுபோய்ப் புதைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

குழந்தைகளுக்குக் காட்டலாமா?

காட்டுங்கள். 'பண்ணைக்கு அனுப்பிவிட்டோம்', 'தூங்குகிறது' என்றெல்லாம் சொல்லாதீர்கள். தூங்குகிறது என்று சொன்னால் அன்று இரவு குழந்தை தூங்கப் பயப்படும். செத்துப்போய்விட்டது, இனி எழுந்திருக்காது, வலிக்காது என்று நேராகச் சொல்லுங்கள். குழியில் ஒரு கைப்பிடி மண் போடட்டும். உலைக்குப் பக்கத்தில் மட்டும் அழைத்துப்போக வேண்டாம்.

பூனை, கிளி, மீன்?

பூனைக்கும் நாய்க்குச் சொன்னதேதான், குழி மட்டும் சின்னது. லவ் பேர்ட்ஸ், வெள்ளெலி, மீன் இவற்றைப் பெரிய பூந்தொட்டியில் ஒரு அடி ஆழத்தில் வைத்து மேலே செடி வைக்கலாம், ஃபிளாட்டிலேயே முடியும். மீன் செத்தாலும் சரி, தொட்டி வேண்டாம் என்றாலும் சரி, ஏரியிலோ குளத்திலோ கொண்டுபோய் விடாதீர்கள். கூண்டில் பறவைகள் ஒரே சமயத்தில் நாலைந்து செத்தால் புதைக்கும் முன் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள், பறவைக்காய்ச்சலாக இருக்கலாம்.

அஸ்தியை என்ன செய்வது? வீட்டில் வைக்கலாமா?

வைக்கலாம். சிலர் வீட்டில் அஸ்தி கூடாது என்பார்கள். அவர்கள் வீட்டில் வைக்க வேண்டாம், அவ்வளவுதான். கடலிலோ ஆற்றிலோ கரைப்பவர்கள் மண்கலயத்திலோ துணியிலோ எடுத்துப்போங்கள், பிளாஸ்டிக் டப்பாவோடு எறியாதீர்கள். அலையில் முழங்கால் வரை இறங்கி, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துவிட்டுக் கொட்டுங்கள். நான் பார்க்கவில்லை. ஜூலி பாதி என் சட்டையில்தான் இருந்தாள். வாழ்நாள் முழுக்க அவள் முடி இருந்த இடம்தான் அது.

செடிக்கு உரமாகப் போடுவதாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக, நிறைய மண்ணோடு கலந்து போடுங்கள். அது பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். உப்பும் காரத்தன்மையும் அதிகம். அப்படியே வேரில் கொட்டினால் செடி வாடிவிடும்.

லைசென்ஸ், பதிவு எல்லாம் என்ன ஆகும்?

மாநகராட்சியில் உரிமம் எடுத்திருந்தால் இறந்துவிட்டதாகத் தெரிவித்து ரத்து செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் புதுப்பிக்கச் சொல்லிச் செய்தி வந்து நெஞ்சில் குத்தும். கென்னல் கிளப்பில் பதிந்த நாய் என்றால் அங்கேயும் சொல்ல வேண்டும். தடுப்பூசி அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள், பிறகு பார்க்க ஆசையாக இருக்கும்.

மூன்றாம் நாள், பதினாறாம் நாள் ஏதாவது செய்ய வேண்டுமா?

கட்டாயம் ஒன்றும் இல்லை, செய்தால் தவறும் இல்லை. சிலர் தெருநாய்களுக்குச் சோறு வைக்கிறார்கள், அது நல்ல பழக்கம். ஜூலி போன மூன்றாம் நாள் அம்மா மாடியில் இலை போட்டுத் தயிர்சாதம் வைத்தாள். பக்கத்தில் மோர்மிளகாய் ஒன்றும் வைத்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, 'அதுக்குக் காரம் ஆகாதே' என்று சொல்லி மோர்மிளகாயை மட்டும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள்.